சம்பளம் வராத மாதத்தில் விமான நிலையக் காவலர் என்ன செய்ய வேண்டும்

2025 அக்டோபரில் அமெரிக்காவில் அரசு முடங்கியபோது என் சித்தி மகன் இரவு ஷிஃப்ட் முடிந்து நேராக எங்கள் வீட்டுக்கு வந்தான். நாங்கள் தென்னாப்பிரிக்காவில், டர்பனுக்கு வடக்கே டொங்காட்டில் இருக்கிறோம், கிங் ஷாக்கா விமான நிலையம் பக்கத்தில்தான். அவனுக்கு அங்கே பயணிகளின் பைகளை ஸ்கேனரில் பார்க்கும் வேலை. அமெரிக்காவில் அதே வேலை பார்ப்பவர்கள் சம்பளமே இல்லாமல் ஷிஃப்டுக்கு வருகிறார்கள் என்ற செய்தியைப் போனில் காட்டி, "அக்கா, நமக்கும் இப்படி ஆகுமா?" என்று கேட்டான்.

அரசு முடங்கி அப்படி ஆகாது. ஆனால் சம்பளம் நிற்பது இங்கே வேறு வழியில் நடக்கும். அவனுக்கே ஒருமுறை நடந்திருக்கிறது, விமான நிலையத்தில் சேர்வதற்கு முன்னால், ஒரு கிடங்கில் காவல் வேலை பார்த்த காலத்தில். நான் ஒரு துணி ஆலையின் சம்பளப் பிரிவில் 17 வருஷமாக வேலை பார்க்கிறேன், அதனால் தெருவில் யாருக்குப் பேஸ்லிப்பில் சந்தேகம் வந்தாலும் அது என் சமையலறை மேசைக்கு வந்துவிடும். அப்படிப் பார்த்ததிலும், தம்பிக்காக அலைந்ததிலும் தெரிந்துகொண்டதை இங்கே எழுதுகிறேன். விமான நிலையம் என்றில்லை, ஒப்பந்த நிறுவனம் ஒன்றின் சீருடை போட்டுக்கொண்டு இன்னொருவர் இடத்தைக் காக்கிற யாருக்கும் இது பொருந்தும்.

முதலில் அமெரிக்கக் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இரண்டையும் குழப்பிக்கொண்டு "அரசாங்கமே சம்பளம் போடவில்லை, கம்பெனி என்ன செய்யும்" என்று பேசுகிறவர்களை நிறையப் பார்க்கிறேன்.

அங்கே நிதியாண்டு அக்டோபர் 1 அன்று தொடங்குகிறது. அதற்குள் காங்கிரஸ், அதாவது அங்கத்து நாடாளுமன்றம், செலவுக்கு ஒப்புதல் தரவில்லை என்றால் துறைகள் பணத்தைத் தொட முடியாது. உயிரையும் உடைமையையும் காக்கும் வேலைகள் மட்டும் நடக்கலாம். விமான நிலையச் சோதனை அந்தக் கணக்கில் வருகிறது. ஆகவே டிஎஸ்ஏ என்ற அரசு அமைப்பின் ஊழியர் சுமார் 50,000 பேர் வேலைக்கு வந்தே ஆக வேண்டும், சம்பளம் பிறகுதான். 2018 டிசம்பர் 22 முதல் 2019 ஜனவரி 25 வரை 35 நாள் அப்படிப் போனது. 2025இல் அக்டோபர் 1 முதல் நவம்பர் 12 வரை 43 நாள். மத்திய அரசு ஊழியர் என்பதால் வேலைநிறுத்தமும் செய்ய முடியாது. 1981இல் வேலைநிறுத்தம் செய்த விமானக் கட்டுப்பாட்டாளர்களில் 11,000 பேருக்கு மேல் ஜனாதிபதி ரீகன் வேலையை விட்டே நீக்கினார், அது இன்றும் அவர்கள் நினைவில் இருக்கிறது. ஆனால் வயிறு சட்டத்தைக் கேட்காதே. 2019 ஜனவரி 20 அன்று வேலைக்கு வராத சோதனை ஊழியர்கள் நூற்றுக்குப் பத்துப் பேர், அதற்கு முந்தைய வருஷம் அதே நாளில் மூன்று பேர்தான். பெட்ரோல் போடவும் பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆள் வைக்கவும் கையில் காசில்லாமல் வீட்டில் நின்றவர்கள் பலர்.

அந்த முடக்கத்தின் நடுவில், 2019 ஜனவரியில், ஒரு சட்டம் வந்தது. முடக்கம் முடிந்ததும் நின்ற சம்பளம் முழுவதையும் மத்திய அரசு ஊழியர்களுக்குக் கூடிய சீக்கிரம் கொடுத்தாக வேண்டும் என்கிறது அது. ஒப்பந்த நிறுவனங்களின் ஆட்களுக்கு, அதாவது துப்புரவு செய்பவருக்கும் உணவுக்கடைக்காரருக்கும், அந்தச் சட்டத்தில் இடமில்லை. ஒரே கூரையின் கீழ் ஒருவருக்குப் பணம் திரும்பி வரும், இன்னொருவருக்கு வராது. தம்பியிடம் நான் இதைத்தான் அழுத்திச் சொன்னேன்: உனக்குச் சம்பளம் தர வேண்டியவர் யார் என்று முதலில் தெரிந்துகொள்.

இங்கே பட்ஜெட் தாமதமானால் என்ன ஆகும்? 2025இல் அது நம் கண் முன்னாலேயே நடந்தது. பிப்ரவரி 19 அன்று தாக்கல் செய்ய வேண்டிய பட்ஜெட் கடைசி நேரத்தில் தள்ளிப்போனது, மார்ச் 12 அன்று வந்தது, வாட் வரிச் சண்டையில் அதுவும் நிற்கவில்லை, கடைசியில் மே 21 அன்று மூன்றாம் முறையாக வந்தது. நிதியாண்டு ஏப்ரல் 1 அன்றே தொடங்கிவிட்டது. ஆனாலும் ஆஸ்பத்திரி மூடவில்லை, போலீஸ் சம்பளம் நிற்கவில்லை. 1999ஆம் ஆண்டின் பொது நிதி மேலாண்மைச் சட்டத்தில் 29ஆம் பிரிவு அதற்காகவே இருக்கிறது. பட்ஜெட் நிறைவேறாவிட்டாலும் முதல் நான்கு மாதத்தில் முந்தைய ஆண்டுத் தொகையில் 45 சதவீதம் வரை எடுக்கலாம், அதற்குப் பிறகு மாதம் 10 சதவீதம். அதனால் "பட்ஜெட் பாஸ் ஆகவில்லை, அதான் சம்பளம் லேட்" என்று ஒரு சூப்பர்வைசர் சொன்னால் அதை ஏற்றுக்கொள்ளாதீர்கள்.

நம் ஊரில் பணம் நிற்பது நடுவில் இருக்கும் கம்பெனியில்தான். இடத்தின் சொந்தக்காரர் ஒருவர், காவலுக்கு டெண்டர் எடுத்த கம்பெனி ஒன்று, அதற்குக் கீழே நீங்கள். மேலே பில் பாஸாகத் தாமதமாகலாம், கம்பெனி கடனில் இருக்கலாம், டெண்டர் கை மாறலாம். இதில் எதுவும் உங்கள் சம்பளத்தைத் தள்ளிப்போடக் காரணம் ஆகாது. 1997ஆம் ஆண்டின் அடிப்படை வேலை நிபந்தனைகள் சட்டம், பிசிஇஏ என்று எல்லோரும் சொல்வது, அதன் 32ஆம் பிரிவில் சம்பளக் காலம் முடிந்து 7 நாளுக்குள் பணம் தந்தாக வேண்டும் என்கிறது. எங்களுக்குப் பணம் வந்தால்தான் உங்களுக்குத் தருவோம் என்பதற்கு அந்தப் பிரிவில் ஒரு வரிகூட இடமில்லை. உங்கள் ஒப்பந்தத்தில் 25ஆம் தேதி என்று எழுதியிருந்தால் 25ஆம் தேதிதான், இந்த 7 நாள் அதற்கு மேல் கிடைக்கிற சலுகை கிடையாது.

சம்பளம் வராத அன்று

தம்பி விஷயத்தில் நாங்கள் செய்த தப்பு, காத்திருந்தது. 25ஆம் தேதி வரவில்லை. சூப்பர்வைசர் வெள்ளிக்கிழமை என்றார். வெள்ளி போய்த் திங்கள் என்றார். எல்லாம் வாய்ப்பேச்சு. மூன்று வாரம் இப்படியே போனது, அதற்குள் பாதிப் பேர் வேறு இடம் தேடிப் போய்விட்டார்கள், சூப்பர்வைசரின் போனும் எடுபடவில்லை. அவர் என்னென்ன சொன்னார் என்பதற்கு எங்களிடம் ஒரு துண்டுக் காகிதம்கூட இல்லை.

ஆகவே வராத அன்றே எழுதுங்கள். நீளமாக வேண்டாம். வாட்ஸ்ஆப்பில் போதும், மின்னஞ்சல் இருந்தால் இன்னும் நல்லது. "இன்று 25ஆம் தேதி, அக்டோபர் மாதச் சம்பளம் என் கணக்குக்கு வரவில்லை, எப்போது வரும் என்று எழுத்தில் தெரிவிக்கவும்", அவ்வளவுதான். பெயர், கம்பெனி எண், வேலை இடம் மூன்றையும் சேர்த்துவிடுங்கள். சூப்பர்வைசர் நேரில் பதில் சொன்னால் அன்று மாலையே "நீங்கள் இன்று காலை வெள்ளிக்கிழமை வரும் என்று சொன்னீர்கள், நன்றி" என்று திருப்பி அனுப்புங்கள். மரியாதையாகவும் இருக்கும், பதிவாகவும் ஆகிவிடும். அவர் மறுத்து எதுவும் எழுதாவிட்டால் அதுவும் உங்களுக்குச் சாதகம்தான்.

அப்புறம் ஓபி புத்தகம். காவல் வேலை பார்க்கும் எல்லோருக்கும் தெரியும், வாசலில் மேசைமேல் கிடக்கும் அந்தத் தடித்த நோட்டு, ஷிஃப்ட் எடுக்கும்போதும் ஒப்படைக்கும்போதும் நேரம் போட்டுக் கையெழுத்து வைப்பது. அதுதான் நீங்கள் வேலைக்கு வந்ததற்குச் சாட்சி, ஆனால் அது கம்பெனியின் கையில் இருக்கிறது. தம்பி ஒவ்வொரு ஷிஃப்டிலும் தன் ஓபி பதிவு எண்ணை ஒரு சின்னப் பாக்கெட் டைரியில் எழுதி வைத்திருந்தான், எதற்கு என்று தெரியாமலேயே, ஒரு பழைய காவலர் சொல்லிக்கொடுத்த பழக்கம். தேதி, ஏறிய நேரம், இறங்கிய நேரம், ஓபி எண், பக்கத்தில் கூட நின்றவரின் முதல் எழுத்து. மழையில் நனைந்து மை பரவி, சில பக்கம் ஒட்டிக்கொண்டிருந்தது. பிறகு விசாரணையில் கம்பெனி "இந்த ஆள் 14 ஷிஃப்ட்தான் வந்தான்" என்று ஒரு தாளை நீட்டியபோது, அந்த டைரியில் 19 இருந்தது, ஓபி எண்ணோடு. கம்பெனியால் ஓபி புத்தகத்தைக் கொண்டுவந்து காட்ட முடியவில்லை. வேலை நேரப் பதிவுகளை முதலாளி மூன்று வருஷம் வைத்திருக்க வேண்டும் என்பது சட்டம், இல்லை என்று சொன்னால் அது அவர்களுக்குத்தான் கெடுதல்.

விமான நிலையம் போன்ற இடத்தில் ஒரு விஷயத்தில் கவனம் வேண்டும். சோதனை நடக்கும் பகுதியைப் போட்டோ எடுக்கக் கூடாது. ஓபி பக்கத்தைப் படம் பிடிக்கிறேன் என்று போய் வேலைக்கே உலை வைத்துக்கொள்ளாதீர்கள். கையால் எழுதிக்கொண்டால் போதும்.

கணக்குப் போடுவது

புகார் கொடுக்கப் போகிறவர்கள் பெரும்பாலும் "சம்பளம் வரவில்லை" என்று மட்டும் சொல்கிறார்கள். எவ்வளவு என்று கேட்டால் தெரியாது. எழுதிக் கொடுக்கும் தொகை சரியாக இருந்தால் எதிராளி பேச்சை வளர்க்க இடமிருக்காது, அதனால் ஒரு மணி நேரம் உட்கார்ந்து கணக்குப் போடுங்கள்.

காவல் வேலையில் வாரத்துக்கு 48 மணி நேரம் சாதாரண நேரம், மாதம் 208 என்று வகுப்பார்கள். உங்கள் மாதச் சம்பளத்தை 208ஆல் வகுத்தால் மணிக்கு எவ்வளவு என்று வரும். மணிக்கு 30 ராண்ட் என்று வைத்துக்கொள்வோம், இது கணக்குக்காக நான் எடுத்த எண், உங்கள் கிரேடுக்கான தொகை வேறாக இருக்கும். ஒரு வாரத்தில் 12 மணி நேர ஷிஃப்ட் நான்கு செய்தீர்கள், கூடவே ஆள் வராததால் இன்னொரு நாள் 8 மணி நேரம் நின்றீர்கள். மொத்தம் 56 மணி. 48 மணிக்கு 1,440 ராண்ட். மிச்சம் 8 மணி ஓவர்டைம், ஒன்றரை மடங்கு, அதாவது மணிக்கு 45, அதற்கு 360. ஆக 1,800 ராண்ட். ஞாயிறுக்கும் பொது விடுமுறைக்கும் தனிக் கணக்கு உண்டு, அந்த நாள்களை டைரியில் வட்டம் போட்டு வையுங்கள். இப்படி ஒவ்வொரு வாரத்தையும் ஒரு தாளில் எழுதி, கடைசியில் கூட்டிப் போடுங்கள். 2025 மார்ச் 1 அன்று தேசிய குறைந்தபட்சக் கூலி மணிக்கு 28.79 ராண்ட் ஆனது, ஆனால் அது வருஷா வருஷம் மார்ச்சில் மாறும். எந்தக் கம்பெனியும் அந்தந்த வருஷத் தொகைக்குக் கீழே போக முடியாது. காவலர்களுக்குப் பேச்சுவார்த்தையில் ஒத்துக்கொண்ட தனி ஊதிய அட்டவணையும் இருக்கிறது, அதில் உங்கள் கிரேடைப் பாருங்கள்.

பழைய பேஸ்லிப்பையும் அதே மேசையில் விரித்து வையுங்கள். பேஸ்லிப் தருவது சட்டப்படி கட்டாயம், அதில் எந்தப் பிடித்தம் எதற்கு என்று எழுதியிருக்க வேண்டும். "யூனிஃபார்ம்", "டிரெய்னிங்", "அட்மின்" என்று பிடித்திருக்கிறார்களா? நீங்கள் எழுத்தில் ஒப்புக்கொள்ளாத பிடித்தம், சட்டமோ கோர்ட்டோ சொல்லாத பிடித்தம் என்றால் அதையும் பாக்கியில் சேர்த்துக்கொள்ளலாம். நான் பார்த்த பேஸ்லிப்புகளில் சம்பளம் நிற்பதற்கு முன்னால் இரண்டு மூன்று மாதம் இந்த மாதிரிச் சின்னச் சின்னப் பிடித்தங்கள் முளைத்திருக்கும். பணம் நெருக்கடியில் இருக்கும் கம்பெனிக்கு அது முதல் அறிகுறி என்றே நான் எடுத்துக்கொள்வேன்.

எங்கே போவது

இங்கேதான் பலர் கதவு கதவாகத் தட்டுகிறார்கள். ஒப்பந்த நிறுவனத்தின் காவலர் என்றால் தனியார் காவல் துறைக்கான பார்கெனிங் கவுன்சிலுக்கு, அதாவது முதலாளிகளும் யூனியன்களும் சேர்ந்த அமைப்புக்கு, போங்கள், ஊதிய அட்டவணையை அமல்படுத்தும் இடம் அதுதான். விமான நிலைய நிறுவனமான ஆக்சாவிலேயே நேரடி ஊழியர் என்றாலோ, வேறு துறை என்றாலோ, வேலைத் தகராறுகளைத் தீர்த்துவைக்கும் அமைப்பான சிசிஎம்ஏ. 2019 முதல் பிசிஇஏயின் 73ஏ பிரிவின்படி சம்பளப் பாக்கிக்காகவே சிசிஎம்ஏவுக்குப் போகலாம், வருமான வரம்பு ஒன்று உண்டு. 2025 ஏப்ரலில் அது வருஷத்துக்கு 2,61,748.45 ராண்ட் என்று இருந்தது, சாதாரணக் காவலர் அதற்குள்தான் வருவார். இரண்டு இடத்திலும் புகார் கொடுக்கப் பணம் கேட்கமாட்டார்கள், வக்கீலும் தேவையில்லை. யாராவது "ஃபாரம் நிரப்பித் தருகிறேன், 500 ராண்ட் கொடு" என்று வாசலில் நின்றால் விலகிப் போங்கள்.

தொழிலாளர் துறையின் இன்ஸ்பெக்டரிடமும் போகலாம், நம் பக்கத்துக்கு வெருலத்தில் அலுவலகம் இருக்கிறது. இன்ஸ்பெக்டர் கம்பெனிக்குள் போய்ப் பதிவுகளைக் கேட்டு வாங்க முடியும், கொடுக்கச் சொல்லி உத்தரவும் போட முடியும். பத்து இருபது பேருக்குச் சேர்த்து நின்றிருந்தால் இது நல்ல வழி. ஒருவருக்கு மட்டும் என்றால் நேராகக் கவுன்சிலுக்கோ சிசிஎம்ஏவுக்கோ போவதுதான் வேகம் என்பது என் அனுபவம்.

சிசிஎம்ஏவின் ஃபாரம் 7.11 என்று கேளுங்கள். அதை நிரப்பியதும் நேராக அவர்களிடம் கொடுத்தால் திருப்பிவிடுவார்கள், ஏனென்றால் முதலில் அதன் நகல் கம்பெனிக்குப் போயிருக்க வேண்டும், போனதற்கு அத்தாட்சியும் வேண்டும். மின்னஞ்சலில் அனுப்பினால் அனுப்பிய பக்கத்தை அச்செடுத்துக்கொள்ளுங்கள். நேரில் கொடுத்தால் இன்னொரு நகலில் வாங்கியவரின் பெயர், கையெழுத்து, தேதி. பதிவுத் தபால் என்றால் ரசீது. தம்பிக்கு இந்த ஒரு காகிதத்துக்காக இரண்டு முறை பஸ் ஏறி டர்பன் போக வேண்டியதாகிவிட்டது.

ஆங்கிலம் தடுமாறும் பெரியவர்கள் இருந்தால் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று ஃபாரத்திலேயே குறித்துவிடுங்கள். நம் அரசியல் சட்டத்தின் 6ஆம் பிரிவில் மதிப்போடு பேணப்பட வேண்டிய மொழிகளின் வரிசையில் தமிழ் பெயர் சொல்லியே இருக்கிறது. எங்கள் வீட்டில் ஆயாவுக்கு அதைப் படித்துக் காட்டியபோது, "அப்போ நம்ம பேச்சையும் எழுதி வெச்சிருக்காங்களா" என்று திரும்பத் திரும்பக் கேட்டார். 1860இல் ட்ரூரோ கப்பலில் மதராஸிலிருந்து ஒப்பந்தக் கூலிகளாக இங்கே வந்து இறங்கிய முதல் இந்தியக் கூட்டத்துக்கு மாதம் பத்து ஷில்லிங் என்று பேச்சு. ஒப்பந்தம் முடிந்து 1871இல் ஊர் திரும்பியவர்கள் மதராஸில் அதிகாரிகளிடம் போய், சம்பளத்தைப் பிடித்து வைத்ததையும் அடித்ததையும் புகாராகச் சொன்னார்கள். அது பதிவானது. அதன் பிறகுதான் நேட்டாலில், அதாவது டர்பன் இருக்கும் நம் பகுதியில், 1872இல் விசாரணைக் குழு உட்கார்ந்தது, குடியேறிய இந்தியரைக் காக்க ஒரு அதிகாரி நியமிக்கப்பட்டார், 1874 வரை புதிதாக ஆள் அனுப்புவதையே நிறுத்தி வைத்திருந்தார்கள். படிக்கத் தெரியாத கூலிக்காரர்கள் வாய்மொழியாகச் சொல்லிப் பதிய வைத்த புகார் அது. கையில் போனும் பேனாவும் இருக்கும் நமக்கு அவ்வளவு கஷ்டம் இல்லை.

வேலையை விட்டுவிடலாமா

கோபத்தில் ஷிஃப்டுக்குப் போகாமல் இருந்துவிடாதீர்கள். தனியாக நின்றுவிட்டால் "வேலையைக் கைவிட்டுப் போனான்" என்று கம்பெனி எழுதிவிடும், பாக்கிச் சண்டை வேலைநீக்கச் சண்டையாக மாறும். விமான நிலைய வாசலில் ஆள் இல்லாமல் போனால் அதன் விளைவும் பெரிது. போக வழியில்லை, டாக்ஸிக்குக் காசில்லை என்றால் அதையும் எழுதி அனுப்புங்கள்: "சம்பளம் வராததால் பயணச் செலவுக்குப் பணமில்லை, வண்டி ஏற்பாடு செய்தால் வருகிறேன்." வேலைக்குத் தயாராக இருந்தீர்கள் என்பது பதிவில் நிற்கும். யூனியன் இருந்தால் வேலை இடத்தில் அதன் பிரதிநிதியான ஷாப் ஸ்டூவர்டிடம் பேசிக் கூட்டாகப் போங்கள். புகார் கொடுத்ததற்காக உங்களைத் துன்புறுத்தக் கூடாது என்று சட்டம் இருக்கிறது, அதற்காகவே வேலையை விட்டு நீக்கினால் 30 நாளுக்குள் தனியாகப் புகார் கொடுக்க வேண்டும். இந்த 30 நாளைத் தவறவிட்டவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன், ஆகவே அன்றே காலண்டரில் குறித்துக்கொள்ளுங்கள்.

யுஐஎஃப், அதாவது வேலையில்லாதோர் காப்பீட்டு நிதி, கிடைக்குமா என்று எல்லோரும் கேட்பார்கள். வேலையில் இருக்கும்போதே சம்பளம் நின்றால் அதற்கு யுஐஎஃப் பணம் தராது. வேலை போனால்தான், அப்போது கம்பெனி யுஐ-19 ஃபாரம் தர வேண்டும். டெண்டர் மாறும் மாதம் வரும்போது, அதாவது பழைய கம்பெனி போய்ப் புதுக் கம்பெனி வரும்போது, கடைசி நாளிலேயே யுஐ-19, வேலைச் சான்றிதழ், கடைசிப் பேஸ்லிப் மூன்றையும் கையில் வாங்கிக்கொள்ளுங்கள். அடுத்த வாரம் அந்த ஆபீஸில் யாரும் இருக்கமாட்டார்கள்.

வீட்டுச் செலவு

தம்பிக்குப் பணம் வர மொத்தம் நான்கு மாதம் ஆனது. அந்த நான்கு மாதத்தில் அடுப்பு எரிந்தாக வேண்டுமே.

முதல் வேலை பாங்குக்குப் போவது, டெபிட் ஆர்டர் விழும் நாளுக்கு முன்னால். கணக்கில் பணம் இல்லாமல் ஒவ்வொன்றாகத் திரும்பினால் ஒவ்வொன்றுக்கும் கட்டணம் பிடிப்பார்கள். இன்ஷூரன்ஸ், ஃபர்னிச்சர் கடைத் தவணை, போன் ஒப்பந்தம், இந்த மூன்று இடத்துக்கும் நீங்களே முன்கூட்டி எழுதி ஒரு மாதம் தள்ளிக் கேளுங்கள், சம்பளம் வரவில்லை என்று அனுப்பிய அந்த வாட்ஸ்ஆப் செய்தியைக் கூடவே வையுங்கள். கேட்டவர்களுக்குப் பெரும்பாலும் கிடைக்கிறது. அரசுப் பள்ளியில் பிள்ளை படித்தால் கட்டணச் சலுகைக்கு விண்ணப்பிக்கலாம், கட்டணம் கட்டவில்லை என்று பிள்ளையை வகுப்புக்கு வெளியே நிறுத்தப் பள்ளிக்கு உரிமை இல்லை.

மஷோனிசாவிடம், அதாவது தெரு வட்டிக்காரரிடம், போகாதீர்கள், இதைக் கைகூப்பிக் கேட்டுக்கொள்கிறேன். பாங்கு அட்டையையும் ரகசிய எண்ணையும் அடையாளப் புத்தகத்தையும் பிடுங்கி வைத்துக்கொண்டு கடன் கொடுப்பது சட்டவிரோதம், ஆனாலும் எங்கள் பக்கம் அது நடக்கிறது. சம்பளம் கடைசியில் வந்து விழும்போது அட்டை அவர் கையில் இருக்கும், காலையில் எடுத்துவிடுவார், நீங்கள் நான்கு மாதம் போராடி வாங்கிய பணம் உங்கள் கண்ணில்கூடப் படாது. பதிவு பெற்ற சின்னக் கடன்காரரிடம் வாங்கினாலும் முதல் கடனுக்கு மாதம் 5 சதவீத வட்டிக்கு மேல் போகக் கூடாது. ஸ்டாக்வெல்லில், அதாவது நம் சீட்டு மாதிரியான சேமிப்புக் குழுவில், இருந்தால் உங்கள் முறையை முன்னால் மாற்றிக் கேளுங்கள். அதில் வெட்கம் ஒன்றும் இல்லை. சித்தி தன் முறையை விட்டுக்கொடுத்துத்தான் அந்த வருஷம் தம்பியின் வீட்டு வாடகை கட்டப்பட்டது.

உதவ நினைக்கும் அக்கம்பக்கத்தாருக்கும் ஒன்று. அமெரிக்காவில் முடக்கத்தின்போது பயணிகள் சோதனை இடத்திலேயே ஊழியர்களுக்குப் பணமும் சாப்பாடும் கொடுக்கப் பார்த்தார்கள், அங்கே வேலை நேரத்தில் பயணியிடம் எதுவும் வாங்கக் கூடாது என்பதால் பலர் மறுக்க வேண்டியதாயிற்று. நம் ஊரிலும் பை பார்க்கும் காவலர் கையில் ஒரு பயணி நோட்டைத் திணித்தால் கேமராவில் அது லஞ்சமாகத்தான் தெரியும். கொடுக்க நினைத்தால் வீட்டுக்குப் போய்க் கொடுங்கள். அரிசி, பருப்பு, எண்ணெய், ஒரு மின்சார வவுச்சர்.

விசாரணை நாளும் அதற்குப் பிறகும்

தேதி வந்ததும் ஒரு ஃபைல் கட்டுங்கள். ஒப்பந்தம், பேஸ்லிப்புகள், சம்பளம் வராத மாதத்தின் பாங்கு ஸ்டேட்மென்ட், டைரி, கணக்குத் தாள், வாட்ஸ்ஆப் பக்கங்கள் அச்செடுத்து, எல்லாம் மூன்று நகல். சரியான நேரத்துக்குப் போய்விடுங்கள், ஏனென்றால் புகார் கொடுத்தவர் வரவில்லை என்றால் வழக்கையே தள்ளிவிடலாம், எதிராளி வராவிட்டால் அவர் இல்லாமலேயே தீர்ப்பு சொல்லலாம். முதலில் சமரசம் பேசுவார்கள். கம்பெனி பாதிப் பணத்துக்கு வரும். அப்போது உங்கள் கணக்குத் தாளைப் பார்த்துப் பேசுங்கள். தவணையில் தருகிறேன் என்றால் தேதி தேதியாக எழுதச் சொல்லுங்கள், ஒரு தவணை தவறினால் மிச்சம் முழுவதும் உடனே தர வேண்டும் என்ற வரியையும் சேர்க்கச் சொல்லுங்கள். தாமதத்துக்கு வட்டி கேட்கவும் சட்டத்தில் இடமுண்டு, நீங்களாகக் கேட்டால்தான் யாரும் அதைப் பற்றிப் பேசுவார்கள்.

தீர்ப்பு வந்தும் தரவில்லை என்றால் அதைச் சான்றளிக்கச் சொல்லி மறுபடி சிசிஎம்ஏவிடமே கேட்கலாம், அதன் பிறகு கோர்ட் உத்தரவை நிறைவேற்றும் ஷெரிஃப் போய்க் கம்பெனியின் சாமான்களைப் பிடிக்க முடியும். கம்பெனி திவாலாகிவிட்டால், அதன் சொத்தை விற்றுக் கடனைத் தீர்க்கும் லிக்விடேட்டரிடம் உங்கள் பாக்கியைப் பதிவு செய்யுங்கள். மூன்று மாதச் சம்பளம் வரை, அதிகபட்சம் 12,000 ராண்டுக்கு, மற்றப் பல கடன்காரர்களுக்கு முன்னால் உங்களுக்கு இடமுண்டு.

இன்னொரு பணம் இருக்கிறது, அதைப் பெரும்பாலும் யாரும் பார்ப்பதில்லை. பேஸ்லிப்பில் மாதாமாதம் பிராவிடன்ட் ஃபண்டுக்குப் பிடிக்கிறார்களே, அது ஃபண்டுக்குப் போய்ச் சேர்ந்ததா? அடுத்த மாதம் 7ஆம் தேதிக்குள் கட்டியிருக்க வேண்டும். சம்பளத்தை நிறுத்திய கம்பெனி பெரும்பாலும் அதற்கு முன்னாலேயே இதை நிறுத்தியிருக்கும். தம்பியின் கணக்கை ஃபண்டில் கேட்டபோது, பேஸ்லிப்பில் பிடித்திருந்த 11 மாதத்தில் 4 மாதம்தான் போய்ச் சேர்ந்திருந்தது. இந்த மாதிரி ஃபண்டுப் புகார்களை விசாரிக்கும் பென்ஷன் ஃபண்ட்ஸ் அட்ஜுடிகேட்டருக்குப் புகார் எழுதினோம், அதற்கும் கட்டணம் கிடையாது, அந்த 11 பேஸ்லிப்பையும் இணைத்தோம். சம்பளப் பாக்கி கைக்கு வந்து வெகுநாள் கழித்துத்தான் இந்தப் பணம் அவன் பெயரில் ஏறியது. இப்போது ஒவ்வொரு மூன்று மாதத்துக்கும் ஒருமுறை ஸ்டேட்மென்ட் எடுத்துக்கொண்டு வருகிறான், இரண்டு பேரும் உட்கார்ந்து பேஸ்லிப்போடு ஒத்துப் பார்க்கிறோம்.